214 கேசட்டுகளும் ஒரு டாலி நோட்டும்

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டிக் கடந்தபோது தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றதே தவிர, வீட்டுக்குள் ஒரு சொட்டும் வரவில்லை. 6-ஆம் தேதி மாலை மின்சாரம் திரும்பி வந்தது. வந்த அரைமணி நேரத்துக்குள் நான்கைந்து முறை போய்ப் போய் வந்தது. யூபிஎஸ் இருக்கும் தைரியத்தில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டேன். அதனுள் இருந்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியை நான் மாற்றி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதும், அது ஒரு விநாடிகூடத் தாங்காது என்பதும், திரை மூன்றாவது முறை இருண்டபோதுதான் உறைத்தது.

மறுபடி போட்டபோது, பாட்டுகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும் என்று விண்டோஸ் கேட்டது. நானும் விட்டுவிட்டேன். இந்த வேலை முழுவதிலும் நான் செய்த பெரிய தவறு அதுதான். செக்டிஸ்க் என்னும் அந்தக் கருவி, கோப்பு அட்டவணை முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக உருவானது. உங்கள் கோப்புகள் பிழைக்க வேண்டும் என்பது அதன் முதல் கவலை அல்ல. பொருந்தாத பதிவுகளை அது வெட்டி எறியும், அல்லது பெயரில்லாத துண்டுகளாக ஒரு தனி ஃபோல்டரில் கொட்டும். அதுவும், படிக்கவே திணறிக்கொண்டிருக்கும் ஒரு டிஸ்க்கின் மேல் எழுதிக்கொண்டே அந்த வேலையைச் செய்யும்.

இரண்டாவது தவறு பல மாதங்களுக்கு முன்பே செய்துவைத்தது. அதே கம்ப்யூட்டரில் இருந்த ஒரு எஸ்எஸ்டி-யில் ஒவ்வோர் இரவும் பாட்டு ஃபோல்டர் அப்படியே நகலாகும்படி ஏற்பாடு செய்திருந்தேன். ‘அப்படியே’ என்ற சொல்லின் பொருளை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்: மூலத்தில் காணாமல் போனவை நகலிலும் அழிக்கப்பட்டன. சுழலும் டிஸ்க்காக இருந்தால் அழிந்த கோப்பைத் தோண்டி எடுக்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி-யிலோ, அழிந்த இடம் எது என்பதை விண்டோஸ் ‘டிரிம்’ என்ற கட்டளை மூலம் உடனே தெரிவித்துவிடுகிறது; எஸ்எஸ்டி அந்த இடத்தைத் துடைத்துவிடுகிறது. மறுநாள் காலையில் நான் பார்த்தபோது இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஓட்டைகள் இருந்தன.

போனது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். சுமார் 9,000 திரைப்பாடல்கள் இருந்தன. அவற்றைப் பற்றிப் பெரிய கவலை இல்லை, எங்கேயாவது கிடைக்கும். கவலை 428 நீளக் கோப்புகளைப் பற்றியது. என் அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக வேலை பார்த்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எண்ணிக் குறிக்கும் வேலை. 1983 முதல் 1998 வரை, பர்மா பஜாரில் வாங்கிய ஒரு டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பட்டாளம், காசிமேடு என்று சுற்றி, காரியத்துக்கு முந்தின இரவில் பாடப்படும் கானாக் கச்சேரிகளையும், ஆடி மாதத்துக் கோயில் கச்சேரிகளையும் 214 கேசட்டுகளில் பிடித்து வைத்தார். 2006-க்கும் 2009-க்கும் இடையில் அவற்றைப் பக்கம் பக்கமாக ஓடவிட்டு, ஆடாசிட்டியில் வேவ் கோப்பாகப் பதிந்து, லேம் நிரல் கொண்டு 192 கிலோபிட் எம்பி3 ஆகச் சுருக்கினேன். கேசட்டுகளை வியாசர்பாடியில் பெரியம்மா வீட்டுத் தரைத்தளத்தில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தோம். 2015 டிசம்பர் வெள்ளம் அவற்றைக் கொண்டுபோயிற்று. ஆகவே, கணினியில் இருந்ததுதான் மிச்சம்.

முதலில் நோய் எது என்று பார்க்க வேண்டும். கடற்காற்று படும் எங்கள் பகுதியில் இணைப்பு முனைகள் பச்சை பூப்பது வழக்கம் என்பதால், கேபிளைத்தான் முதலில் சந்தேகித்தேன். லினக்ஸ் யூஎஸ்பி கொண்டு கம்ப்யூட்டரைத் தொடங்கி, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைப் படித்தேன். அதில் 199-ஆம் எண், கேபிளில் நேரும் பிழைகளின் கணக்கு. 197-ஆம் எண், படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்களின், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு கட்டங்களின், கணக்கு. 5-ஆம் எண், கைவிடப்பட்டு மாற்று இடம் தரப்பட்ட செக்டர்களின் கணக்கு. முனைகளைத் துடைத்து, புதுக் கேபிள் போட்டதும் 199 ஏறுவது நின்றது, 197 நிற்கவில்லை. கேபிளிலும் கோளாறு இருந்தது, டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டிலும் கோளாறு இருந்தது. அத்தை மகன் ஒருவன், டிஸ்க்கை பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் சரியாகும் என்றான். டிசம்பர் மாதச் சென்னை ஈரப்பதத்தில் ஃப்ரீசரிலிருந்து எடுக்கும் எந்த உலோகத்தின் மேலும் ஒரு நிமிடத்தில் தண்ணீர் முத்து முத்தாகக் கட்டும். அதைச் சுழலவிட எனக்குத் துணிச்சல் இல்லை.

மவுண்ட் ரோடு ரிச்சி தெருவில் 2 டிபி டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து, டிடிரெஸ்க்யூ என்னும் நிரலால் பழைய 1 டிபி டிஸ்க்கை முழுதாகப் பிரதி எடுத்தேன். சாதாரணமாக நகலெடுக்கும் நிரல்கள் ஒரு கெட்ட இடத்தில் தடுக்கினால் அங்கேயே நின்று மல்லுக்கட்டும். அதற்குள் டிஸ்க் செத்தே போகலாம். டிடிரெஸ்க்யூ, எளிதாகக் கிடைப்பதை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடத்தைத் தாண்டிக் குதித்து, எதைத் தாண்டினோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிவைக்கிறது. பிறகு அந்த ஓட்டைகளின் ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுரண்டுகிறது. நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த முறை யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பேட்டரி போட்ட பிறகே தொடங்கினேன். முதல் சுற்று ஐந்தரை மணி நேரம் ஓடியது. 190 எம்பி மட்டும் பாக்கி. சுரண்டும் சுற்று இரண்டு நாள் ஓடி அதை 11 எம்பி ஆக்கியது. மறுமுயற்சியில் 7 எம்பி ஆனது. அதற்குமேல் டிஸ்க் ‘டக், டக்’ என்று தலையை இடிக்கத் தொடங்கியதால் நிறுத்தி, கழற்றி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். இனி எல்லா வேலையும் பிரதியின் மேல்தான்.

1 டிபி-யில் 7 எம்பி என்பது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் அது எங்கே விழுந்தது என்பதுதான் கணக்கு. விண்டோஸ் கோப்புகளை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு கோப்பின் பெயரும், அது தட்டில் இருக்கும் இடமும் 1,024 பைட் கொண்ட ஒரு பதிவில் இருக்கின்றன. இந்த டிஸ்க்கின் செக்டர் 4,096 பைட். ஆகவே அட்டவணைப் பகுதியில் ஒரு செக்டர் செத்தால் நான்கு கோப்புகள் பெயரையும் முகவரியையும் இழக்கின்றன. அவற்றின் ஒலியோ வேறெங்கோ சேதமில்லாமல் கிடக்கிறது. எங்கள் டிஸ்க்கில் கோப்புகள் இருந்த பிரிவின் தொடக்கச் செக்டரும் போயிருந்தது. என்டிஎஃப்எஸ் அதன் ஒரு நகலைப் பிரிவின் கடைசிச் செக்டரில் வைத்திருக்கும் என்பதால், டெஸ்ட்டிஸ்க் நிரல் அதை எடுத்து முன்னால் போட்டது. பிரிவு திறந்தது. திரைப்பாடல்களில் சுமார் 6,700-உம், கேசட் பக்கங்களில் 251-உம் பெயரோடு கிடைத்தன. காணாமல் போனவற்றில் பாதிக்கு மேல் செத்த செக்டரின் வேலை அல்ல, நான் ஓடவிட்ட செக்டிஸ்க்கின் வேலை.

பெயரிழந்தவற்றைத் தேட ஃபோட்டோரெக் என்னும் நிரல். அது அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. காலியாகக் குறிக்கப்பட்ட இடம் முழுவதையும் வாசித்துக்கொண்டே போய், எம்பி3 ஒலியின் சிறு துண்டுகளான சட்டகங்கள் தொடங்கும் அடையாளத்தைக் கண்டால் அங்கிருந்து ஒரு கோப்பை வெட்டி எடுக்கிறது. பெயருக்குப் பதில் ஓர் எண்ணைச் சூட்டுகிறது. ஒரு நாள் ஓடி முடித்தபோது எண்களால் பெயரிடப்பட்ட ஆயிரக்கணக்கான கோப்புகள் எனக்கு முன்னால் கிடந்தன. ஒன்றைத் தட்டினேன். தபலாவும் ‘டேப்’ எனும் தோல் வாத்தியமும் சேர்ந்து ஒலித்தன, கூட்டம் விசிலடித்தது. யார், எங்கே, எந்த ஆண்டு என்று சொல்ல ஒரு குறிப்பும் இல்லை. மீட்பு வேலை அங்கே முடியவில்லை, அங்கேதான் தொடங்கியது.

திரைப்பாடல்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவற்றின் உள்ளேயே, பாட்டின் தலைப்பு போன்ற விவரங்களைத் தாங்கும் ஐடி3 குறிப்பு இருந்தது; எம்பி3டேக் நிரல் அதைப் படித்துப் பெயரைத் திரும்பச் சூட்டிவிட்டது. குறிப்பும் இல்லாதவற்றை மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட் நிரல், ஒலியின் ரேகையை வைத்துத் தேடிப் பார்த்தது. புதிய பாடல்களில் நன்றாகவும் பழையவற்றில் அரைகுறையாகவும் கண்டுபிடித்தது. சுவாரசியமான சிக்கல் ஒன்றே ஒன்று. சில நூறு பாடல்களுக்கு நான் முன்பு தமிழிலேயே தலைப்பு எழுதியிருந்தேன். இப்போது அவை, தலையில் கோடு போட்ட ஓர் ஆங்கில எழுத்தும், பொட்டலங்களில் வட்டத்துக்குள் அச்சிடுவார்களே அந்தப் பதிவுக் குறியும் மாறி மாறி வரும் குப்பையாகத் தெரிந்தன.

காரணம் இது. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவதுதான் எழுத்தைப் பிரிக்கிறது. ஐடி3-யின் 2.3 பதிப்பில் யூடிஎஃப்-8 கிடையாது. லத்தீன் எழுத்து முறையும் யூடிஎஃப்-16-உம் மட்டுமே. நான் பயன்படுத்திய பழைய நிரல், யூடிஎஃப்-8 பைட்களை லத்தீன் என்று பொய் முத்திரை குத்தி எழுதியிருக்கிறது. வெறும் பொய் முத்திரை மட்டும் என்றால் அதைக் கிழித்துவிட்டால் போதும். ஆனால் இன்னொரு நிரல் இடையில் அவற்றை விண்டோஸ்-1252 என்னும் பட்டியல்படி படித்துத் திரும்ப எழுதியிருக்கிறது. அந்தப் பட்டியலில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. காலியிடத்தில் விழுந்த பைட் எல்லாம் கேள்விக்குறி ஆகிவிட்டன. தமிழுக்கு இதில் நேர்ந்த கொடுமையைப் பாருங்கள்: 141 என்பது புள்ளி, 129 என்பது உகரக் குறி, 143 ஏ, 144 ஐ. அதாவது தமிழில் நொடிக்கொரு தரம் வரும் புள்ளியும் உகரமும் சரியாக அந்த ஓட்டைகளில் விழுந்திருந்தன. ‘முத்து’ என்ற சொல் ‘ம?த?த?’ என்று திரும்பி வந்தது.

ஒவ்வொரு கேள்விக்குறியும் புள்ளியாக இருக்கலாம், அல்லது உகரமாக இருக்கலாம். மூன்று கேள்விக்குறிக்கு எட்டு வழிகள். அந்த எட்டில் சொல்லாக நிற்பது ஒன்றுதான். பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதி, கெடாத தலைப்புகளிலிருந்து சொற்பட்டியல் ஒன்றை உருவாக்கி, எல்லா வழிகளையும் போட்டுப் பார்த்து, பட்டியலில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கச் செய்தேன். பத்தில் எட்டு தானாகவே சரியாயிற்று. மீதியை என் மகள் படித்துச் சொன்னாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புள்ளி இல்லாத தமிழ் ஒரு விளையாட்டாக இருந்தது. ஓலைச்சுவடியில் புள்ளியே இருக்காது என்று அவள் வகுப்பில் சொல்லியிருக்கிறார்களாம்.

இப்போது கேசட் பக்கங்கள். 428-இல் 177-க்குப் பெயர் இல்லை. பாடல்களுக்குப் பலித்த எந்த வழியும் இங்கே பலிக்காது. காரணம் என் பழக்கம்தான்: கேசட் எண்ணை ஃபோல்டரின் பெயராக வைத்தேனே தவிர, கோப்பினுள் ஐடி3 குறிப்பாக ஓர் எழுத்தும் எழுதவில்லை. ஃபோல்டர் போனதும் அடையாளம் முழுதும் போயிற்று. வியாசர்பாடியில் ஒரு துக்க வீட்டு வாசலில் பாடியதன் ஒலி ரேகை உலகில் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

2009-இல் எரித்து வைத்த ஐந்து டிவிடி-க்கள் பரணில் இருந்தன. மூன்றின் அடிப்பக்கம் பூஞ்சை படர்ந்து மேகம் போல் ஆகிவிட்டது. ஒன்றை முழுதாகவும், இன்னொன்றைப் பாதியாகவும் படிக்க முடிந்தது. அவற்றிலிருந்து 58 பக்கங்கள் பெயரோடு வந்தன. மீதி 119. ஃபோட்டோரெக் எடுத்த நீளக் கோப்புகளில் டிவிடி-யில் உள்ளவையும் கலந்திருந்ததால் அவற்றைப் பிரிக்க வேண்டியிருந்தது. இதற்கு லேம் நிரல் கைகொடுத்தது. அது முதல் சட்டகத்தில், தான் உருவாக்கிய இசைப் பகுதியின் நீளம் எத்தனை பைட் என்பதையும், அந்தப் பகுதிக்கான 16 பிட் சரிபார்ப்பு எண்ணையும் சத்தமில்லாமல் எழுதிவைக்கிறது. ஐடி3 குறிப்பை எத்தனை முறை மாற்றினாலும் இந்த எண் மாறாது. ஆகவே இரண்டு கோப்புகள் ஒன்றுதானா என்பதும், ஒரு கோப்பு முழுதாக இருக்கிறதா என்பதும், ஃபோட்டோரெக் கடைசியில் எவ்வளவு குப்பையைச் சேர்த்து ஒட்டியது என்பதும் ஒரே சோதனையில் தெரிந்தன. 119-இல் 113 முழுமை. 6 கோப்புகள் தட்டில் துண்டு துண்டாகச் சிதறி இருந்தவை. அவற்றின் முதல் துண்டு மட்டுமே கிடைத்தது.

ஃபோட்டோரெக் சூட்டும் எண்ணை நான் முதலில் வெறும் வரிசை எண் என்று நினைத்தேன். அது கோப்பு தொடங்கும் செக்டரின் எண். 2012-இல் இந்த டிஸ்க் வாங்கியபோது எல்லாக் கேசட் ஃபோல்டர்களையும் ஒரே மூச்சில் பழைய டிஸ்க்கிலிருந்து மாற்றினேன். அவை 001 முதல் 214 வரை வரிசையாகவே எழுதப்பட்டிருக்கும். பெயருள்ள கோப்புகளின் தொடக்கச் செக்டரையும் எடுத்து, பெயரில்லாதவற்றோடு சேர்த்து ஒரே வரிசையில் அடுக்கினேன். 087-இன் இரண்டாம் பக்கத்துக்கும் 090-இன் முதல் பக்கத்துக்கும் நடுவே நான்கு அநாமதேயங்கள் இருந்தால், அவை 088, 089-இன் நான்கு பக்கங்கள்தான், அந்த வரிசையில்தான். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரையும் பின்னால் நிற்பவரையும் வைத்து நடுவில் நிற்பவரைச் சொல்வது போன்றது. 38 பக்கங்கள் இப்படி இடம் பிடித்தன. பின்னாளில் நான் திருத்தி மறுபடி சேமித்தவை வரிசை தப்பி எங்கெங்கோ கிடந்தன. மீதி 75.

அப்போதுதான் அப்பா பரணைக் காட்டி, “அந்த டாலி நோட்டப் பாத்தியாடா?” என்றார். நீளவாக்குக் கணக்கு நோட்டு. மூட்டைக் கணக்கு எழுதிய அதே கையால் அவர் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். தேதி, இடம், கேசட் 60-ஆ 90-ஆ, பாட்டின் முதல் வரி. பக்கத்தில் ஒரு மூன்று இலக்க எண். 000, 094, 171, 238 என்று அந்த எண்கள் ஏறிக்கொண்டே போயின. டேப் ரிக்கார்டரின் கவுண்டரில் ஓடும் எண் அது. ஒவ்வொரு பாட்டும் தொடங்கும்போது அதைப் பார்த்துக் குறித்திருக்கிறார். “இல்லாங்காட்டி மறுபடி எங்க தேடறது?” என்றார்.

அந்த எண் விநாடி அல்ல. டேப்பைச் சுற்றி வாங்கும் சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதன் கணக்கு. கேசட்டில் டேப் விநாடிக்கு 4.76 செ.மீ. என்ற ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. ஆனால் தொடக்கத்தில் சக்கரம் வெறுமையாக இருப்பதால் ஒரு சுற்றுக்குச் சிறிதளவு டேப்தான் போகும். டேப் ஏற ஏறச் சக்கரம் பருத்து, ஒரு சுற்றுக்கு அதிக டேப், அதிக நேரம். ஆகவே கவுண்டரிலிருந்து நேரம் காண, கவுண்டர் எண்ணை ஒரு மாறிலியால் பெருக்கி, அதனுடன் அந்த எண்ணின் வர்க்கத்தை இன்னொரு மாறிலியால் பெருக்கிக் கூட்ட வேண்டும். இரண்டு மாறிலிகளும் கருவிக்குக் கருவி மாறும். பெயர் தெரிந்த சில பக்கங்களில் பாட்டு தொடங்கும் விநாடியை நானே கேட்டுக் குறித்து, அப்பாவின் எண்ணோடு ஒப்பிட்டதில், 60 நிமிடக் கேசட்டுக்கு முதல் மாறிலி 1.97, இரண்டாவது 0.00223 என்று வந்தது. அதன்படி 140 என்றால் 5 நிமிடம் 20 விநாடி; 280 என்றால் 12 நிமிடம் 6 விநாடி; 420 என்றால் 20 நிமிடம் 21 விநாடி; பக்கம் முடியும் 560-இல் 30 நிமிடம். எண்ணில் பாதி வந்தாலும் நேரத்தில் பாதி வராது. 90 நிமிடக் கேசட்டில் டேப் மெல்லியது, ஆகவே அதற்கு வேறு மாறிலிகள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மறுபுறம், பெயரில்லாத கோப்பில் பாட்டுகள் எங்கே தொடங்குகின்றன என்று அறிய வேண்டும். அமைதியான இடத்தைத் தேடும் வடிகட்டி இதற்கு உதவவில்லை; கானாக் கச்சேரியில் அமைதி என்று ஒன்று கிடையாது. ஆனால் அப்பா சிக்கனக்காரர். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பேச்சு நீண்டால் நிறுத்தி வைத்துவிடுவார். அந்தப் பொத்தானை அமுக்கும் ‘டொக்’ ஒலி ஒலி அலையில் ஊசி போல் எழுந்து நிற்கிறது. அந்த ஊசிகளின் நேரங்களை எடுத்து, நோட்டில் உள்ள ஒவ்வொரு பக்கத்தின் நேரங்களோடும் ஒப்பிட்டேன். ரிக்கார்டர் பதிந்த வேகமும், நான் பின்னால் ஓடவிட்ட டெக்கின் வேகமும் சற்றே வேறு என்பதால், நூற்றுக்கு மூன்று வரை நீட்டவும் குறுக்கவும் இடம் கொடுத்தேன். முதல் பொருத்தம் 131-ஆம் கேசட்டின் இரண்டாம் பக்கம். ஆறு பாட்டும் மூன்று விநாடிக்குள் வந்து உட்கார்ந்தன. அன்றிரவு நான் சாப்பிட மறந்துவிட்டேன் என்று வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். இம்முறையில் 41 பக்கங்கள் தெரிந்தன.

மீதி 34. அவற்றில் பல, இடைவெளியில்லாமல் ஒரே ஓட்டமாகப் பதிந்தவை; நோட்டிலும் ஒரே வரிதான் இருந்தது. இதற்குமேல் கருவி இல்லை, காதுதான். ஒரு மாத காலம், தினமும் மாலையில் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். பாடகரின் குரலைவிட அவர் பின்னால் கேட்பவற்றைத்தான் அதிகம் பிடித்துக்கொண்டார். கூட்ஸ் வண்டி நீளமாக ஊதிக்கொண்டு போனால் கொருக்குப்பேட்டை. ஒரு பக்கத்தின் கடைசியில், விடியும் நேரம் போலும், தூரத்தில் ஒரு சங்கு ஊதியது. “பின்னி மில் சங்கு. இது பட்டாளம்” என்றார். அந்த மில் 1996-இல் மூடப்பட்டது. ஆகவே பதிவு அதற்கு முந்தியது. நோட்டில் பட்டாளம் என்று குறித்தவை ஐந்தே. அவற்றில் 1996-க்கு முந்தியது ஏற்கெனவே கிடைத்த மூன்றைக் கழித்தால் ஒன்றுதான்.

இன்னொரு பக்கத்தைக் கேட்டபோது, “இது நான் புடிச்சது இல்லடா” என்றார். சற்று நேரம் கழித்து, “மைக்குக்குப் பக்கத்துல ஒருத்தன் இருமறான் பாரு, அது உன் சித்தப்பா. மிசின அவன் கையில குடுத்துட்டு நான் நைட் ஷிப்டுக்குப் போயிட்டேன்” என்றார். சித்தப்பா 2004-இல் இறந்தவர். அந்த இருமல் வரும் விநாடியை ஐடி3 குறிப்பில் தனியாக எழுதிவைத்தேன். இவ்வாறு 31 பக்கங்கள் அடையாளம் பெற்றன. மூன்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. அப்பா அந்த இரவில் தாம் இருந்ததே நினைவில்லை என்கிறார். அவற்றை 901, 902, 903 என்று எண்ணிட்டு வைத்திருக்கிறேன். துண்டுபட்ட ஆறு கோப்புகளின் முதல் துண்டுகளையும் கேட்டு எண் கண்டோம். அவற்றின் மிச்சப் பகுதி போனது போனதுதான்.

இப்போது ஒவ்வொரு கோப்பினுள்ளும் கேசட் எண், பக்கம், தேதி, இடம் ஆகியவை யூடிஎஃப்-16-இல் எழுதப்பட்டிருக்கின்றன. நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அதே ஃபோல்டரில் போட்டேன். நகல் மூன்று: ஒன்று வீட்டில், ஒன்று அம்பத்தூரில் தங்கை வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். எதுவும் தானாக அழிக்காது.

கடைசியாகச் சேதாரக் கணக்கு. எம்பி3 இந்த விஷயத்தில் பெருந்தன்மையான வடிவம். ஒவ்வொரு சட்டகமும் 26 மில்லிவிநாடி ஒலியைத் தாங்கியது. 192 கிலோபிட்டில் 4,096 பைட் கொண்ட ஒரு செக்டர் போனால் ஏறக்குறைய ஏழு சட்டகங்கள், அதாவது 0.17 விநாடி. ஒரு சட்டகம் தன் தரவில் கொஞ்சத்தை முந்தின சட்டகத்தின் காலியிடத்தில் வைத்திருக்கலாம் என்பதால், ஓட்டைக்கு அடுத்து வருவதும் சிறிது நொண்டும். அவ்வளவுதான்; பாட்டு தொடர்ந்து ஓடும். லேம் எண்ணைக் கொண்டு சோதித்ததில் கேசட் பக்கங்களில் 22 இப்படி ஓட்டை விழுந்தவை. அந்த இடங்களை ஒட்டுப் போடாமல் அப்படியே விட்டு, நேரத்தை மட்டும் பட்டியலில் குறித்தேன்.

பட்டியலில் இருபத்து மூன்றாவதாக 058-ஆம் கேசட்டின் முதல் பக்கத்தையும் சேர்த்திருந்தேன். சரிபார்ப்பு எண் பொருந்துகிறது. ஆனாலும் பதினோராவது நிமிடத்தில் தாளம் ஒரு கணம் தடுக்கி எழுவது காதுக்குத் தெளிவாகக் கேட்கிறது. 16 பிட் எண் தற்செயலாகப் பொருந்த 65,536-இல் ஒரு வாய்ப்பு உண்டு, அது இங்கே நேர்ந்திருக்கலாம் என்று நினைத்தேன். அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார். “டிஸ்க்கும் இல்ல, கிஸ்க்கும் இல்ல. டோலக் அடிக்கிறவன் அங்க பீடி பத்த வெச்சான்.” படிக்க முடிந்த டிவிடி-யில் 058 இருந்தது. எடுத்து ஒப்பிட்டேன்; ஒரு பிட்கூட வேறில்லை. பட்டியலிலிருந்து அந்த வரியை அடித்தேன்.